முதல் மொபைல் செயலிக்கு எந்த வழி? கோட்லின், ஸ்விஃப்ட், ஃப்ளட்டர், ரியாக்ட் நேட்டிவ்: ஓர் ஒப்பீடு

ஆண்ட்ராய்டுக்குக் கோட்லின், ஐபோனுக்கு ஸ்விஃப்ட், இரண்டுக்கும் சேர்த்து ஃப்ளட்டரோ ரியாக்ட் நேட்டிவோ: செயலி எழுத இவைதான் பெருவழிகள். மொபைல் செயலி செய்யக் கற்க நினைக்கும் ஒருவர் "எதில் ஆரம்பிக்கலாம்?" என்று பத்துப் பேரிடம் கேட்டால், பெரும்பாலும் அந்தப் பத்துப் பேர் எதில் வேலை செய்கிறார்கள் என்பதுதான் பதிலாகக் கிடைக்கும். ஒப்பீட்டு அட்டவணைகளும் பெரிதாக உதவுவதில்லை. எது வேகமாக ஓடும், எதற்கு வேலைவாய்ப்பு அதிகம், எந்தப் பெரிய நிறுவனம் எதைப் பயன்படுத்துகிறது என்று வரிசை கட்டி நிற்கும். அவையெல்லாம் இரண்டாம் ஆண்டுக் கேள்விகள். முதல் சில மாதங்களில் ஒருவரைத் தொடர வைப்பதும் துரத்தி அடிப்பதும் வேறு இரண்டு விஷயங்கள்.

ஒன்று, ஒரு வரியை மாற்றிவிட்டு அதன் விளைவைக் கைப்பேசித் திரையில் பார்க்க எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்பது. மற்றொன்று, சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி வந்து நிற்கும்போது, தவறு நாம் எழுதிய வரியிலா, பிறர் எழுதியதை நாம் சேர்த்துக்கொண்ட லைப்ரரியிலா, நம் கண்ணுக்கே படாமல் அடியில் ஓடும் ஏதோ ஒரு கருவியிலா என்று பிரித்தறிய முடிகிறதா என்பது. சங்கடம் என்னவென்றால், முதலாவதில் கெட்டிக்கார வழிகள் இரண்டாவதில் கொஞ்சம் சறுக்குகின்றன. ஆண்ட்ராய்டு, ஐபோன் என்ற இரண்டு தளங்களுக்கும் ஒரே கோடு (நிரல்) எழுதலாம் என்றால், நடுவில் அடுக்குகள் கூடுகின்றன. அடுக்குகள் கூடினால் பிழை ஒளிந்துகொள்ள இடமும் கூடுகிறது. தேர்வு முழுவதும் இந்த இழுபறியில்தான் இருக்கிறது.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரு செயலியை எடுத்துக்கொள்வோம். மாத்திரை நேரத்தை நினைவூட்டும் செயலி. மாத்திரையின் பெயரையும் நேரத்தையும் பதிந்துகொள்ள வேண்டும், குறித்த நேரத்தில் அறிவிப்பு வர வேண்டும், இணையம் இல்லாவிட்டாலும் வேலை செய்ய வேண்டும். கேட்பதற்கு எளிது. ஆனால் சேமிப்பு, அனுமதி, பின்னணி வேலை என்று, புதியவர்கள் இடறி விழும் மூன்று இடங்களையும் இது தொட்டுவிடுகிறது.

முதலில் கையில் இருக்கும் கணினி

ஐபோன் செயலியைக் கட்டித் தரும் எக்ஸ்கோட், மேக் கணினியில் மட்டுமே ஓடும். ஃப்ளட்டரையோ ரியாக்ட் நேட்டிவையோ எடுத்தாலும் இந்த விதியிலிருந்து தப்ப முடியாது. கோடு ஒன்றுதான், ஆனால் ஐஓஎஸ் (ஐபோனின் இயங்குதளம்) பதிப்பைக் கட்டும் கடைசிக் கட்டத்தில் எங்கேயாவது ஒரு மேக் வேண்டும். அது உங்கள் மேசையில் இருக்கலாம். ரியாக்ட் நேட்டிவுக்கான கருவித்தொகுப்பான எக்ஸ்போவின் ஈஏஎஸ் பில்ட் போன்ற கிளவுட் சேவையில் வாடகைக்கும் கிடைக்கலாம். விண்டோஸ் கணினியில் "இரண்டு தளத்துக்கும் ஒரே கோடு" என்ற வாக்கியத்தை நம்பி இறங்குபவர்கள் இதைச் சில மாதங்கள் கழித்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். ஒரு சின்ன விதிவிலக்கு: ஐபேடில் ஓடும் ஸ்விஃப்ட் பிளேகிரவுண்ட்ஸ், 2021 இறுதியில் வந்த நான்காம் பதிப்பிலிருந்து, செயலியை அங்கேயே எழுதி ஆப் ஸ்டோருக்கு அனுப்பவும் இடம் தருகிறது.

ஆண்ட்ராய்டு பக்கம் கணினி எதுவானாலும் பரவாயில்லை, நினைவகம்தான் கேள்வி. ஆண்ட்ராய்டு செயலியை எழுதும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ மட்டும் என்றால் 8 ஜிபி ரேம் எப்படியோ சமாளிக்கும். கூடவே கணினித் திரையிலேயே கைப்பேசி போல ஓடும் எமுலேட்டரையும் திறந்தால் 16 ஜிபி இல்லாமல் கணினி மூச்சு வாங்கும். 8 ஜிபி மட்டுமே இருப்பவர்கள் எமுலேட்டரை மறந்துவிட்டு, சொந்தக் கைப்பேசியையே கேபிளில் இணைத்துக்கொள்வது நல்லது. அமைப்புகளில் பில்ட் எண்ணை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் வசதிகள் திறக்கும். ஆண்ட்ராய்டு 11 முதல் கேபிள் இல்லாமல் வைஃபை வழியாகவும் இணைக்கலாம். உண்மையான கைப்பேசியில் சோதிப்பது எப்படியும் நல்ல பழக்கம்தான்.

கோட்லின்: நேர்வழி, ஆனால் வாசலில் கிரேடில்

ஆண்ட்ராய்டு ஜாவாவில் பிறந்தது. கோட்லினை கூகுள் அதிகாரபூர்வமாக ஏற்றது 2017இல். 2019இல் இனி கோட்லினுக்கே முன்னுரிமை என்று அறிவித்தது. திரைகளை எக்ஸ்எம்எல் கோப்பில் வரைந்த பழைய முறைக்கு மாற்றாக, கோட்லினிலேயே திரையை எழுதும் ஜெட்பேக் கம்போஸின் 1.0 பதிப்பு 2021 ஜூலையில் வந்தது. இந்த ஆண்டுகளைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் மூன்று காலங்களும் கலந்து கிடக்கின்றன: ஜாவாவும் எக்ஸ்எம்எல்லும், கோட்லினும் எக்ஸ்எம்எல்லும், கோட்லினும் கம்போஸும். பாதிப் பாடத்தை ஒன்றிலிருந்தும் மீதியை இன்னொன்றிலிருந்தும் எடுத்து ஒட்ட முயல்பவர் தனக்குத்தான் புத்தி போதவில்லை என்று நினைத்துக்கொள்வார். இன்று ஆரம்பிப்பவருக்கு மூன்றாவது மட்டும் போதும். பாடத்தில் திரை எக்ஸ்எம்எல்லில் இருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம்.

இந்த வழியின் நிஜமான தலைவலி மொழி அல்ல, கிரேடில். செயலியைக் கட்டும் இந்தக் கருவி முதல் முறை நிறையத் தரவிறக்கும், நிதானமாக ஓடும். கிரேடில் பதிப்பு, அதற்கான ஆண்ட்ராய்டு பிளகின் (துணைநிரல்) பதிப்பு, கோட்லின் பதிப்பு, ஜேடிகே (ஜாவா கருவித்தொகுப்பு) பதிப்பு எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். 2024 மே மாதம் வந்த கோட்லின் 2.0 முதல் கம்போஸ் கம்பைலர் (கோட்டை இயங்கும் வடிவுக்கு மாற்றும் கருவி) கோட்லினுடனேயே வருவதால், ஒத்துப்போக வேண்டிய எண்களில் ஒன்று குறைந்திருக்கிறது. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ தரும் காலியான மாதிரித் திட்டத்தில் இந்த எண்களெல்லாம் சரியாகவே இருக்கும். வேறொரு பாடத்திலிருந்து பதிப்பு எண்ணை நகலெடுத்து ஒட்டாதவரை பெரும்பாலும் சிக்கல் வராது.

நம் மாத்திரைச் செயலியை இதில் எழுதினால் என்ன ஆகும்? சேமிப்புக்கு ரூம் என்ற தரவுத்தள லைப்ரரி இருக்கிறது. அறிவிப்புக்கு ஆண்ட்ராய்டு 13 முதல் பயனரிடம் வெளிப்படையாக அனுமதி கேட்க வேண்டும். சரியாக எட்டு மணிக்கே ஒலிக்க வேண்டும் என்றால் தனி அனுமதி. ஆண்ட்ராய்டு 14 முதல் அது புதிதாக நிறுவப்படும் பெரும்பாலான செயலிகளுக்குத் தானாகக் கிடைப்பதில்லை. கைப்பேசி ஓய்வில் இருக்கும்போது பின்னணி வேலைகளைத் தள்ளிப்போடும் டோஸ் வசதி ஆண்ட்ராய்டு 6 முதலே இருக்கிறது. கைப்பேசியை அணைத்துப் போட்டால் பதிந்து வைத்த அலாரங்கள் அழிந்துவிடும். மீண்டும் உயிர்பெறும்போது செயலியே அவற்றைத் திரும்பப் பதிய வேண்டும்.

படிக்கவே அலுப்பாக இருக்கிறதா? எந்த வழியில் போனாலும் இந்த விதிகளிலிருந்து விடுதலை இல்லை, ஏனென்றால் இவை ஆண்ட்ராய்டின் விதிகள். கோட்லினில் எழுதும்போது இவை ஆவணத்தில் நேரடியாக நம்மிடம் பேசப்படுகின்றன, உதாரணங்களும் நாம் எழுதும் அதே மொழியில் இருக்கின்றன. மற்ற வழிகளில் ஒரு பிளகின் நமக்காக இவற்றைப் பார்த்துக்கொள்கிறது. அது பார்த்துக்கொள்ளும் வரை சுகம்.

மாற்றத்தைத் திரையில் பார்ப்பதில் கம்போஸ் முன்பைவிட எவ்வளவோ தேவலை. முன்னோட்டமும், ஓடும் செயலியிலேயே மாற்றத்தைக் காட்டும் லைவ் எடிட்டும் உண்டு. ஆனால் ஃப்ளட்டரின் வேகத்தைப் பார்த்தவருக்கு இது கொஞ்சம் இழுவையாகத்தான் தெரியும்.

ஸ்விஃப்ட்: கருவி இருந்தால் யோசிக்க வேண்டாம்

மேக்கும் ஐபோனும் ஏற்கெனவே கையில் இருக்கிறது என்றால் இந்தப் பகுதியோடு கட்டுரையை மூடிவிடலாம். ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழி 2014இல் வந்தது, அதில் திரையை எழுதும் ஸ்விஃப்ட்யூஐ 2019இல். மொழி, திரை எழுதும் முறை, கட்டும் கருவி, சிமுலேட்டர் எல்லாமே ஒரே நிறுவனத்திடமிருந்து வருகின்றன. எந்தப் பதிப்பு எதோடு ஒத்துப்போகும் என்ற கவலை அநேகமாக இல்லை. அடுக்குகள் மிகக் குறைவான வழி இதுதான்.

மாத்திரைச் செயலியும் இங்கே சுருக்கமாக முடிகிறது: அனுமதி ஒருமுறை கேட்டால் போதும், தினமும் இதே நேரம் என்று சொல்லிவிட்டால் மீதியை ஐஓஎஸ் பார்த்துக்கொள்ளும். ஒரு செயலி முன்கூட்டியே வரிசையில் வைக்கக்கூடிய உள்ளூர் அறிவிப்புகள் 64தான் என்ற எல்லை உண்டு. ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாகப் பதிந்தால் அதில் முட்டிக்கொள்வீர்கள். தினசரி மீள்வதாகப் பதிந்தால் அது ஒன்றாகவே கணக்கில் வரும்.

குறை இல்லாமல் இல்லை. ஸ்விஃப்ட்யூஐயில் திரை கொஞ்சம் நீண்டுவிட்டால், "இந்தக் கோவையை நியாயமான நேரத்தில் சரிபார்க்க முடியவில்லை" என்ற பொருளில் ஒரு பிழை வரும். உண்மையான தவறு எங்கோ ஒரு எழுத்துப் பிழையாக இருக்கும். கம்பைலரோ மொத்தத் திரையையும் சுட்டிக்காட்டிவிட்டுக் கைகழுவிவிடும். திரையைச் சிறு துண்டுகளாக உடைப்பதே மருந்து. மேலும், கட்டணம் இல்லாத ஆப்பிள் கணக்கில் உங்கள் சொந்த ஐபோனில் போட்ட செயலி ஏழு நாளில் காலாவதியாகிவிடும். திரும்பக் கணினியோடு இணைத்துப் போட வேண்டும்.

ஃப்ளட்டரும் ரியாக்ட் நேட்டிவும்

ஃப்ளட்டரின் 1.0 பதிப்பு 2018 டிசம்பரில் வந்தது. மொழி டார்ட், 2011இல் கூகுள் அறிமுகப்படுத்தி, ஏறக்குறைய மறக்கப்பட்டுக் கிடந்து, ஃப்ளட்டரால் மறுவாழ்வு பெற்ற மொழி. ஜாவாவோ ஜாவாஸ்கிரிப்டோ கொஞ்சம் தெரிந்தவருக்கு டார்ட் சில நாட்களில் பழகிவிடும். எதுவும் தெரியாதவருக்கும் கடினமில்லை. ரியாக்ட் நேட்டிவை ஃபேஸ்புக் 2015இல் திறந்த மூலமாக வெளியிட்டது. அதன் மொழி ஜாவாஸ்கிரிப்ட் அல்லது டைப்ஸ்கிரிப்ட்.

இரண்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு திரையில் இருக்கிறது. ரியாக்ட் நேட்டிவ், பொத்தான் வேண்டும் என்று கேட்டால் அந்தந்தத் தளத்தின் சொந்தக் கூறுகளைக் கொண்டுவந்து வைக்கும். ஃப்ளட்டர் எதையும் கடன் வாங்காது. திரை முழுவதையும் தன் சொந்த எஞ்சினால் தானே வரையும். அதனால் ஃப்ளட்டர் செயலி எல்லாக் கைப்பேசியிலும் ஒரே மாதிரி தெரியும். அதே காரணத்தால், 2025இல் ஐஓஎஸ் 26 தன் தோற்றத்தை அடியோடு மாற்றியபோது, தளத்தின் கூறுகளை நம்பியிருந்த செயலிகளுக்குக் கிடைத்த புதிய தோற்றம் ஃப்ளட்டரில் தானாக வரவில்லை. ஆரம்பிப்பவருக்கு இதில் இழப்பு அதிகமில்லை. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தெரிவது கற்கும்போது ஒரு நிம்மதி.

ஃப்ளட்டரின் ஹாட் ரீலோடுதான் அதன் மிகப் பெரிய ஆசிரியர். கோப்பைச் சேமித்த மறுகணம் மாற்றம் திரையில் தெரியும், அதுவும் நீங்கள் நிரப்பிக்கொண்டிருந்த படிவம் அழியாமல். "இதை மாற்றினால் என்ன ஆகும்?" என்று ஒரு மணி நேரத்தில் ஐம்பது முறை கேட்டுப் பார்க்கலாம். இன்னொரு வசதியை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை: ஃப்ளட்டர் டாக்டர் என்ற கட்டளை. கணினியில் எது இருக்கிறது, எது இல்லை, எதைச் சரிசெய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிவிடும். நிறுவும் நாளிலேயே மனம் வெறுத்துப் போகிறவர்கள்தான் அதிகம் என்பதால், என் கணக்கில் இதற்குத் தனி மதிப்பெண்.

ஆனால் மாத்திரைச் செயலிக்கு வந்தவுடன் அடுக்குகள் தலைகாட்டும். அறிவிப்புக்குப் பிளகின் சேர்ப்பீர்கள். டார்ட்டில் நாலைந்து வரிதான். அடுத்த முறை ஓட்டும்போது பிழை வரும். அது டார்ட்டில் இருக்காது, ஆண்ட்ராய்டு கோப்புறைக்குள் நீங்கள் திறந்தே பார்த்திராத கிரேடில் கோப்பில் இருக்கும். அனுமதிகளையும் அங்குள்ள, செயலியின் விவரங்களை அறிவிக்கும் மேனிஃபெஸ்ட் கோப்பில் நீங்களேதான் எழுத வேண்டும். கோட்லின் வழியில் முதல் நாளே பார்த்துவிடும் அறை அது. ஃப்ளட்டரில் மூன்றாவது வாரம் விளக்கு இல்லாமல் அதற்குள் நுழைவோம். செயலியின் மாறும் தரவைக் கையாளும் நிலை மேலாண்மைக்கு புரொவைடரா, ரிவர்பாடா, பிளாக்கா என்று ஓயாமல் நடக்கும் சண்டையிலும் இறங்க வேண்டாம். முதல் செயலிக்கு ஃப்ளட்டரோடேயே வரும் செட்ஸ்டேட் போதும்.

ரியாக்ட் நேட்டிவைப் பொறுத்தவரை ஒரு கேள்வி மொத்தத்தையும் தீர்மானித்துவிடுகிறது: ஜாவாஸ்கிரிப்டும், அதில் வலைப்பக்கத் திரைகளை எழுத உதவும் ரியாக்ட்டும் ஏற்கெனவே தெரியுமா? தெரியும் என்றால் வேறு எதையும் பார்க்க வேண்டாம். எக்ஸ்போவில் திட்டத்தைத் தொடங்கி, கைப்பேசியில் எக்ஸ்போ கோ செயலியை நிறுவி, கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் உங்கள் கோடு கையில் ஓடும். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவும் வேண்டாம், எக்ஸ்கோடும் வேண்டாம். பலவீனமான கணினிக்கும் இதுவே லேசான தொடக்கம். ரியாக்ட் நேட்டிவின் சொந்த ஆவணமே இப்போது எக்ஸ்போ போன்ற ஒரு கட்டமைப்போடு ஆரம்பிக்கச் சொல்கிறது.

தெரியாது என்றால் கதை வேறு. ஜாவாஸ்கிரிப்ட், ரியாக்ட்டில் மாறும் தரவைக் கையாளும் ஹுக்ஸ், அதற்கு மேல் ரியாக்ட் நேட்டிவ் என்று மூன்றையும் ஒரே மூச்சில் விழுங்க வேண்டியிருக்கும். பிழை வரும்போது மூன்றில் எதை நோவது என்றே தெரியாது. எக்ஸ்போ கோவுக்கும் ஓர் எல்லை இருக்கிறது: அதற்குள் முன்பே பொதிந்து வைத்த நேட்டிவ் (தளத்தின் சொந்த) வசதிகள் மட்டுமே அதில் ஓடும். அதற்கு வெளியே ஒன்று வேண்டும் என்றால் டெவலப்மென்ட் பில்ட் என்ற அடுத்த படிக்கு ஏற வேண்டும், அங்கே கிரேடில் காத்திருக்கும். 2024 அக்டோபரில் வந்த 0.76 பதிப்பில் உள்கட்டமைப்பே புதியதாக மாறிவிட்டதால், அதற்கு முந்தைய பாடங்களையும் லைப்ரரிகளையும் தேதி பார்த்தே தொட வேண்டும்.

2018இல் தங்குமிட வாடகை நிறுவனமான ஏர்பிஎன்பி ரியாக்ட் நேட்டிவைக் கைவிட்டதை இன்றும் சிலர் அதற்கு எதிரான வாதமாக எடுத்து வைக்கிறார்கள். பெரிய நேட்டிவ் குழுக்களோடு அதை இணைத்து நடத்துவதில் அவர்களுக்கு வந்த சிக்கல் அது. முதல் செயலி எழுதுபவருக்கு அதில் எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

செயலியே வேண்டாம் என்றால்

வலைப்பக்கத்தையே செயலி போல நிறுவ வைக்கும் பி.டபிள்யூ.ஏ முறையைப் பலர் ஒப்பீட்டிலேயே சேர்ப்பதில்லை. பட்டியல், கணக்கீடு, படிவம், தகவல் காட்டும் செயலி என்றால் இதுவே முதல் தேர்வாக இருக்கலாம். பிரவுசரும் எடிட்டரும் போதும், ஆப் ஸ்டோர், கூகுள் பிளே போன்ற கடையின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம். நம் மாத்திரைச் செயலிக்கு மட்டும் இது தோற்றுவிடுகிறது. பக்கம் மூடியிருக்கும்போது குறித்த நேரத்தில் தானாக எழுந்து ஒலிக்க நம்பகமான வழி இல்லை. ஒரு சர்வரிலிருந்து புஷ் அறிவிப்பு அனுப்ப வேண்டும். ஐபோனில் அந்த வசதியே 2023 மார்ச்சில் ஐஓஎஸ் 16.4 உடன்தான், முகப்புத் திரையில் சேர்த்த தளங்களுக்கு மட்டும் வந்தது.

ஆப் இன்வென்டர், 2010இல் கூகுளில் தொடங்கி எம்ஐடிக்குப் போனது. வண்ணத் துண்டுகளை இழுத்துப் பொருத்தினால் செயலி. நிரலாக்கம் தனக்கு ஒத்துவருமா என்று பார்க்க ஒரு வார இறுதிக்கு அருமை, அதைத் தாண்டினால் சீக்கிரம் முட்டுச்சந்து. மைக்ரோசாஃப்டின் பழைய கருவியான சாமரின் என்று தலைப்பிட்ட பாடங்களைத் தொட வேண்டாம்; அதற்கான ஆதரவு 2024 மே 1 அன்று முடிந்துவிட்டது. அதன் வாரிசான மாவி, சி ஷார்ப் தெரிந்தவர்களுக்கு. கோட்லின் கோட்டை ஐபோனிலும் ஓட வைக்கும் கோட்லின் மல்டிபிளாட்ஃபார்ம் 2023 நவம்பரில் நிலையான பதிப்பானது. கோட்லின் கற்ற பிறகு ஐபோன் பக்கமும் போகலாம் என்ற உத்தரவாதமாக அதை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

கடைக் கணக்கு எல்லா வழிக்கும் ஒன்றுதான். கூகுள் பிளேயில் ஒருமுறை 25 டாலர், ஆப்பிளில் ஆண்டுதோறும் 99 டாலர். 2023 நவம்பர் 13க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் பிளே கணக்குகள், செயலியைப் பொதுவில் வெளியிடும் முன் குறைந்தது 12 பேரை வைத்துத் தொடர்ந்து 14 நாள் மூடிய சோதனை நடத்த வேண்டும். முதலில் 20 பேர் என்று இருந்து பின்னர் குறைத்தார்கள். புதிய ஆண்ட்ராய்டு பதிப்புகளுக்கு ஏற்ப ஆண்டுதோறும் செயலியைப் புதுப்பிக்கும் கட்டாயமும் இருக்கிறது. கற்றுக்கொள்வதற்காக எழுதும் செயலியைக் கடைக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும் என்பதில்லை.

ஏஐ உதவியாளர்கள் இருக்கும்போது இத்தனை யோசனை எதற்கு என்று கேட்கலாம். கோடு எழுதித் தருவதில் அவை கெட்டிதான். ஆனால் இணையத்தில் கலந்து கிடக்கும் மூன்று காலப் பாடங்களையும் படித்து வளர்ந்தவை அவை. எக்ஸ்எம்எல் காலத்துத் தீர்வைக் கம்போஸ் திட்டத்துக்குள் தயங்காமல் எழுதிவிடும், பழைய பிளகின் பதிப்பையும் பரிந்துரைக்கும். அப்போது பிழை எந்த அடுக்கில் என்று சொல்லத் தெரிந்தவர் சரியான கேள்வியைக் கேட்டு மீள்வார். தெரியாதவர் ஒரே பிழைச் செய்தியைத் திரும்பத் திரும்ப ஒட்டிக்கொண்டிருப்பார்.

என் தேர்வு

மேக்கும் ஐபோனும் இருந்தால் ஸ்விஃப்ட். ரியாக்ட் தெரிந்திருந்தால் எக்ஸ்போ. இவை இரண்டிலும் எனக்குத் தயக்கம் இல்லை. மீதமிருக்கும் பெருங்கூட்டம், அதாவது விண்டோஸோ லினக்ஸோ கணினியும் ஆண்ட்ராய்டு கைப்பேசியும் வைத்திருந்து நிரலாக்கத்துக்கே புதியவராக இருப்பவர், கோட்லினுக்கும் ஃப்ளட்டருக்கும் நடுவில்தான் நிற்கிறார். கைப்பேசி உள்ளே எப்படி இயங்குகிறது என்று அறியும் ஆவலில் வருபவருக்குக் கோட்லினையும் கம்போஸையும் சொல்வேன். மனதில் ஒரு செயலி தெளிவாக இருக்கிறது, அதை இரண்டு வகைக் கைப்பேசிக்காரர்களுக்கும் கொடுத்தாக வேண்டும் என்பவருக்கு ஃப்ளட்டர். தவறான பக்கம் இறங்கிவிட்டாலும் நட்டம் பெரிதில்லை. கம்போஸ், ஸ்விஃப்ட்யூஐ, ஃப்ளட்டர், ரியாக்ட் நான்குமே, தரவு மாறினால் திரை தானே மாறும் என்ற ஒரே யோசனையின் மேல் நிற்பவை. அது ஓரிடத்தில் பிடிபட்டால் மற்ற இடங்களில் புதிதாகக் கற்க வேண்டியது பாதிதான்.

அப்படியும் முடிவுக்கு வர முடியவில்லையென்றால், இரண்டையும் நிறுவிப் பாருங்கள். இரண்டிலும் காலியான மாதிரித் திட்டத்தைச் சொந்தக் கைப்பேசியில் ஓட்டுங்கள். பிறகு வேண்டுமென்றே ஒரு மாறியின் பெயரைத் தப்பாக எழுதுங்கள், ஒரு அடைப்புக்குறியை அழித்துவிடுங்கள், இல்லாத ஒரு லைப்ரரியின் பெயரைச் சேர்த்து ஓட்டுங்கள். வரும் பிழைச் செய்திகளைப் பொறுமையாகப் படியுங்கள். எதில் வந்த செய்தியை வைத்துத் தவறு இருந்த கோப்பையும் வரியையும் யாரையும் கேட்காமல் கண்டுபிடித்தீர்களோ, அதை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிடுங்கள்.